பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு 'ரத்தக்குழாய்' பொடி வாங்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. இரண்டு வருடமாக டெல்மிசார்டன் 40 மி.கி. சாப்பிடுகிறார். இப்போது பி.பி. 130/80-ஐத் தாண்டுவதில்லை. "நார்மல் ஆயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்கிறார். போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யும் பொடிக்கு 1,499 ரூபாய் கட்டச் சொல்கிறார். மாத்திரைக்கும் மாதாமாதம் செலவு. என்ன செய்யலாம்?

பதில்: அந்த 1,499 ரூபாயைக் கட்டாதீர்கள். மாத்திரையையும் நிறுத்த விடாதீர்கள். பி.பி. கட்டுக்குள் இருப்பது மாத்திரை வேலை செய்வதால்தான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் மறுபடி ஏறிவிடும். தலைவலிகூட இல்லாமல், தெரியாமலே ஏறும்.

ரத்தக்குழாயைப் பற்றி அப்பா கவலைப்படுவது நியாயம்தான். அழுத்தம் வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் குழாயின் உட்சுவர் பழுதாகும், சுவர் தடித்து விறைக்கும், கொழுப்பு படிவதும் எளிதாகும். மூளை, சிறுநீரகம், கண் எல்லாமே அதில் அடிபடும். ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் குழாய்களைச் சுருக்குகிறது; அதன் வேலையைத் தடுப்பதுதான் டெல்மிசார்டன். அவர் தேடும் பாதுகாப்பு அவர் கையில் இருக்கிற மாத்திரையிலேயே இருக்கிறது, இதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைத்து வெளியேற்றும் பொடி என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. உயர் ரத்த அழுத்தத்துக்கும் தமனித் தடிப்புக்கும் குணம் தருவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்து கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

சரி, செலவுக்கு வருவோம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி. மாத்திரை இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். காசு கொடுத்துத்தான் வாங்குவது என்றால் மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் மாத்திரை குறைந்த விலையில் கிடைக்கும்.

வாங்கும்போது பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் படியுங்கள். டெல்மிசார்டன் 40 கேட்டால் பெயருக்குப் பின்னால் 'ஏ.எம்.' அல்லது 'ஹெச்' என்று ஒட்டியிருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவது உண்டு. ஏ.எம். என்றால் அம்லோடிபின் சேர்ந்தது, ஹெச் என்றால் சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்தது. இரண்டுமே அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மருந்து இல்லை. அட்டையை வெட்டிக் கொடுத்தால் காலாவதி தேதி இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். பேட்ச் எண்ணோடு பில்லும் வேண்டும்.

இன்னொன்று. டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். நம்ம ஊர்க் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். வாரத்துக்கு உண்டானதை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போடாமல், சாப்பிடும் நேரத்தில் அட்டையிலிருந்து எடுக்கட்டும்.

அப்புறம், கடையில் 'பி.பி.க்கு நல்லது' என்று சோடியம் குறைத்த உப்பைக் காட்டினால் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டனும் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இது இதயத்துடிப்பையே பாதிக்கலாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தாலே போதும், அதற்குச் செலவும் இல்லை.