ஒரு எண் பிழைத்தால் எல்லாவற்றையும் திரும்பக் கூட்ட வேண்டுமா?

கேள்வி: "20 எண்களின் சராசரி 45 என்று எடுத்த பிறகு, 64 என்பதை 46 என்று பதிந்தது தெரியவந்தது. எல்லாவற்றையும் திரும்பக் கூட்டாமல் சரியாக்கலாமா?"

கூட்டத் தேவையில்லை. 18 குறைத்துப் பதிந்திருக்கிறீர்கள். அதை 20ஆல் வகுத்தால் 0.9. பழைய சராசரியோடு சேருங்கள், 45.9. கூடுதலாகப் பதிந்திருந்தால் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளை போலத் தெரிகிறது. பரீட்சைக்கு இது காணும், மிச்சத்தை வாசிக்காமலே போகலாம்.

"இந்தச் சின்னக் கணக்குக்கு இவ்வளவு பெரிய பதிலா" என்று எழுத வருகிறவர்களுக்கு: இந்தச் சின்னக் கணக்கில்தான் எங்கள் வீட்டில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகப் பார்த்தது.

எங்களுக்குக் கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம் வயல், இரணைமடுக் குளத்துத் தண்ணீர். 2025 காலபோக அறுவடை, தை முடிகிற நேரம். லொறியோடு வந்த வியாபாரி 118 மூடையையும் நிறுக்கவில்லை. யாரும் நிறுப்பதில்லை. பத்து மூடையை நிறுத்து, சராசரி எடுத்து, 118ஆல் பெருக்குவார்கள். அவரோடு வந்து தராசடியில் நின்ற தம்பி கைபேசியில் கூட்டிக்கொண்டே போனான். 641 வந்தது, சராசரி 64.1.

அப்பாவுக்குக் கைபேசியில் நம்பிக்கை இல்லை. சீமெந்துப் பையைக் கிழித்து, உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு நின்றார்: 65, 66, 63, 67, 64, 65, 62, 66, 68, 64. நான் கூட்டிப் பார்த்தேன், 650. மூடைகள் அதற்குள் லொறியில் ஏறி, மேலே தறப்பாளும் இழுத்தாயிற்று.

வித்தியாசம் 9. கணக்குப் பேரேடு எழுதுகிறவர்களுக்கு 9 வந்தாலே கண் போகிற இடம் ஒன்று உண்டு. ஈரிலக்க எண்ணில் இலக்கங்கள் இடம்மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் வரும். அதை 9ஆல் வகுத்தால் வருவது அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசம். உங்கள் கணக்கில் 18, அதாவது 2. 6க்கும் 4க்கும் 2தானே. எங்களுக்கு வந்தது 1. அப்பா எழுதியதில் இடம்மாறினால் சரியாக 9 குறையக்கூடியது 65 மட்டும்.

"தம்பி, 56 எண்டு எங்கயோ அடிச்சிருக்கிறீர், மேல தள்ளிப் பாரும்" என்றேன்.

தள்ளிப் பார்த்தான். ஆறாவது மூடை, 56.

9ஆல் வகுபட்டால் இடமாற்றம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, 68ஐ 59 என்று அடித்தாலும் 9தான் வரும். தெரிந்துதான் எழுதுகிறேன், கணிதக்காரர் சண்டைக்கு வரவேண்டாம். எங்கே தேடுவது என்பதற்குத்தான் அது.

வியாபாரிக்கு முதலில் விளங்கவில்லை. "ஒம்பது கிலோ தானே பிள்ளை, தாறன் விடுங்கோ" என்றார். ஒன்பது இல்லை அண்ணை என்று விளங்கப்படுத்த வேண்டி வந்தது. சராசரி 0.9 கூடி 65 ஆகிறது, அது 118 மூடைக்கும் சேரும். 106.2 கிலோ. கிலோ 100 ரூபாய்ப்படி 10,620 ரூபாய். தந்தார், மறுக்கவில்லை. அவரைக் கள்ளன் என்று சொல்ல வரவில்லை, அந்தத் தம்பியும் விடியப்புறத்திலிருந்து மூடை தூக்கிய பெடியன், விரல் தடுமாறத்தான் செய்யும்.

இன்னொன்று. ஒரு எண்ணைப் பிழையாகப் பதிவது வேறு, ஒரே எண்ணை இரண்டு தரம் பதிவது வேறு. இரண்டு தரம் பதிந்திருந்தால் வகுக்கிற எண்ணும் மாறும்: 45ஐ 20ஆல் பெருக்கி, மேலதிகமாக விழுந்ததைக் கழித்து, 19ஆல் வகுக்க வேண்டும். இதில்தான் பிள்ளைகள் கூடுதலாகப் புள்ளியை விடுகிறார்கள். இடையத்துக்கு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற எண்ணுக்கு, இந்தக் குறுக்குவழி சரிவராது, திரும்ப வரிசைப்படுத்தித்தான் பார்க்க வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த 106 கிலோவைக் கணக்குப் போட்டு மீட்டோம். வியாபாரியின் கொப்பியில் அடுத்த வரி "கழிவு", மூடைக்கு 2 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்குமாம். சாக்கு ஒரு கிலோகூட வராது. ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் கழிக்கட்டும், நியாயம். ஆனால் ஈரம் அளக்கிற மானி ஒன்றும் கொண்டுவரவில்லை, நாலு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு ஈரம் என்றார்கள். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஒரு பக்கத்தை மறித்து, வாகனக்காரரிடம் ஏச்சு வாங்கி வாங்கிக் காயவிட்ட நெல் அது. 118 மூடைக்கு 236 கிலோ போனது. அப்பா வாயே திறக்கவில்லை, எல்லாரும் கொடுக்கிறதுதானே என்றார்.

காத்திருந்து விற்றிருக்கலாமே என்பீர்கள். உரக்கடைக் கடன் காத்திருக்காது. மாசி தொடக்கத்தில் அரசாங்கம் நாட்டு ரக நெல்லுக்கு கிலோ 120 ரூபாய் என்று அறிவித்தபோது எங்கள் களத்தில் விதைநெல் மட்டும்தான் கிடந்தது.