தின்பதைப் பார்க்காமல் குழல்மீன் வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் கடல்நீர்த் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீனும் பூப்போலத் தோன்றும் கடலுயிரான கடற்சாமந்தி ஒன்றும் இருக்கின்றன. நீலக்கோட்டுக் குழல்மீன் ஒன்றை வாங்க ஆசை. எந்தத் தீனி போட்டாலும் தின்னும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அது தின்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

குழல்மீன் கடற்குதிரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. நீண்ட மூக்கின் நுனியில் இருக்கும் சின்னஞ்சிறு வாயால் இரையை உறிஞ்சி விழுங்குகிறது. விழுங்கியதைச் சேர்த்து வைக்க இடமில்லாததால், பவளப்பாறை இடுக்குகளில் பகல் முழுவதும் இறால் போன்ற நுண்ணிய ஓட்டுயிர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு சிட்டிகைத் தூள் தீனி என்ற பழக்கம் இதற்கு ஒத்துவராது. பல மீன்கள் நோயால் அல்ல, பட்டினியால்தான் சாகின்றன.

கடையில் உறைந்த மைசிஸ் என்னும் சின்னஞ்சிறு இறாலை உருகவைத்துத் தொட்டியில் விடச் சொல்லுங்கள். பசியுள்ள மீன் இரைக்கு அருகில் வந்து அப்படியே நிற்கும். இரு கண்களும் தனித்தனியே சுழலும். சட்டென்று தலை மேலே வெட்டும், அடுத்த கணம் இரை இருக்காது. வாயில் எடுத்துவிட்டுத் துப்பினால் அது தின்றதாகாது. வயிறு உள்வாங்கியிருந்தாலும், மூக்கில் வெண்புண் தெரிந்தாலும் தள்ளுபடிக்கு மயங்காமல் விட்டுவிடுங்கள். ஆனால் மூலையில் ஒளிந்திருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். கடலிலும் அது பாறை விளிம்புகளின் அடியில், சில வேளை தலைகீழாகக்கூட, வாழும் மீன்தான்.

முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்வது நல்லது. ரசீதில் அறிவியல் பெயரை எழுதி வாங்குங்கள். நீலக்கோட்டு இனமான டோரிராம்ஃபஸ் எக்ஸைசஸ் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான் வளரும். வளையக் குழல்மீன் 19 சென்டிமீட்டர்வரை போகும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு. கடற்குதிரைகளின் பன்னாட்டு வணிகம் 2004 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. குழல்மீன்கள் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், சில நாடுகளின் சட்டம் குடும்பம் முழுவதையுமே பாதுகாக்கிறது. உங்கள் நாட்டில் விற்க அனுமதி உண்டா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வளர்ப்பில் பிறந்த மீன் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். உறைந்த இரைக்குப் பெரும்பாலும் பழகியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் இப்போதைய தொட்டிக்கு இந்த மீன் வேண்டாம். கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளில் மோதினால் பிழைப்பது அரிது. போதாததற்கு, நிதானமாகக் குறிபார்த்துத் தின்னும் இதற்கு முன்பாகவே கோமாளி மீன்கள் இரையைத் தீர்த்துவிடும். மைசிஸை நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுக்க முடியுமானால், சாதுவான துணை மீன்களோடு தனித்தொட்டி அமைத்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வயிற்றில் முட்டைகள் ஒட்டியிருக்கும் குழல்மீனைக் காட்டி, "தாய் மீன், குஞ்சுகள் இலவசம்" என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அது தாய் அல்ல, தந்தை. பெண் இடும் முட்டைகளைத் தன் உடலின் அடிப்புறத்தில் சுமந்து பொரிக்கச் செய்வது ஆண்தான். பொரித்து வரும் குஞ்சுகளுக்கு மிக நுண்ணிய உயிருள்ள இரை இடைவிடாமல் வேண்டும். அதை வளர்த்துத் தரும் ஏற்பாடு இல்லாத வீட்டில் அவை சில நாட்கள்கூடத் தாங்காது.