நானூறை யார் எண்ணியது?

கேள்வி: 400 சண்டைகளில் ஒருமுறைகூடத் தோற்காத பிரேசில் ஜியு-ஜிட்சு (எதிராளியைத் தரையில் சாய்த்து, மடக்கி, நெரித்துப் பணியவைக்கும் கலை) வீரர் ரிக்சன் கிரேசி, உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆளா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த 400-ஐ யார் எண்ணியது என்று முதலில் விசாரித்துச் சொல்லுங்கள். ரிக்சனின் பதிவான தொழில்முறைச் சண்டைகள் மொத்தம் 11. பதினொன்றிலும் ஜெயித்தார், மறுப்பில்லை. மிச்சமெல்லாம் ஜியு-ஜிட்சு போட்டி, தெருச்சண்டை என்று சகலத்தையும் கூட்டிக் கழித்துச் சொல்லும் கணக்கு. கூட்டியது தெரிகிறது, கழித்த மாதிரி தெரியவில்லை. 1993-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடந்த சாம்போ (ரஷ்ய மல்யுத்தம்) போட்டியில் ரான் டிரிப் என்பவர் அவரைத் தூக்கிப் போட்டு ஒரு நிமிடத்துக்குள் ஆட்டத்தை முடித்தார். ‘அப்படி எறிந்தால் ஆட்டம் முடியும் என்ற விதி எனக்குத் தெரியாது’ என்பது ரிக்சன் தரப்பு. சரி, தெரியாமல் தோற்றார்.

இந்த ரவுண்டு எண்கள் எனக்கு ஆகாது. ‘காமா பயில்வான் 5,000 குஸ்தி, தோல்வியே கிடையாது’ என்று சத்தியம் செய்த நண்பர் ஒருவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது. ஐம்பது வருஷம் குஸ்தி போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நாலு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. அப்புறம் எப்போது பயிற்சி எடுத்தார், எப்போது பால் குடித்தார் என்று கேட்டேன். நண்பர் எழுந்து போய்விட்டார். 1910-ல் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ, காமாவிடம் இரண்டரை மணி நேரம் பெரும்பாலும் குப்புறப் படுத்தே டிரா செய்தார். 1928-ல் பாட்டியாலாவில் அதே ஆளை ஒரு நிமிடத்துக்குள் மல்லாத்தினார் காமா. இந்த ஒன்று போதாதா? 4,999 எதற்கு?

ரிக்சனுக்கும் 400 தேவையில்லை. 1994-ல் யோஜி அன்ஜோ என்ற ஜப்பான் மல்யுத்த வீரர் லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய பயிற்சிக் கூடத்துக்கே போய்ச் சவால் விட்டு, முகமெல்லாம் ரத்தமாகத் திரும்பினார். எல்லாக் கலைக்காரர்களும் மோதும் யு.எஃப்.சி. என்ற அமெரிக்கப் போட்டியை முதல் தடவையே ஜெயித்த தம்பி ராய்ஸே, அண்ணன் தன்னைவிடப் பத்து மடங்கு தேறியவர் என்றார். (பத்து! அந்தக் குடும்பத்துக்கே ரவுண்டு எண் பித்து.)

ஆனால் எதிராளிகளையும் பார்க்க வேண்டும். 1997-ல் டோக்கியோ டோம் அரங்கில் ரிக்சனின் கைப்பிடியில் சிக்கித் தோற்ற டகாடா, முடிவு பேசிவைத்து ஆடும் மல்யுத்தத்தின் நட்சத்திரம். அதே அரங்கில் 2000-ல் கழுத்து நெரிபட்டும் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் மயங்கிப்போன ஃபுனாகிதான் உருப்படியான ஆள். அந்தச் சமயத்தில் கிரேசி குடும்பத்தாரை வரிசையாக வீழ்த்திக்கொண்டிருந்த ஜப்பான் வீரர் சகுராபாவோடு ரிக்சன் மோதவே இல்லை. அதே ஆண்டு மூத்த மகனைப் பறிகொடுத்தார், அப்புறம் மேடை ஏறவில்லை. அதைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் அந்தச் சண்டை நடக்காத வரை, தன் காலத்தின் தலைசிறந்த ஜியு-ஜிட்சுக்காரர் என்பேன். தலைசிறந்த சண்டைக்காரர் என்று எழுதித் தர மாட்டேன்.

அவர் அப்பா ஹெலியோ 1951-ல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் ஜூடோ வீரர் கிமுராவிடம் கை முறிந்து தோற்றவர். கையை முறித்த அந்தப் பிடிக்கு இன்றும் ஜியு-ஜிட்சுக்காரர்கள் ‘கிமுரா’ என்றுதான் பெயர் சொல்கிறார்கள். அப்பா தோற்றதைப் பெயர் வைத்தே சொல்லிக்கொடுக்கும் கலையில் பிள்ளைக்கு மட்டும் எப்படி 400-க்கு 400?