சுவரில் ஆடாத ஏரி

வணக்கம் அண்ணா,

கொடைக்கானல் ஏரிக்கரை வீட்டில் நடக்கும் கதை ஒன்றைக் குறும்படமாக எடுக்கிறோம். உள்காட்சிகள் பண்ணைக்காட்டில். வெளியே ஏரி இருப்பதாகத் தெரிய, அலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரில் ஆட வேண்டும் என்று டிரேயில் தண்ணீர் ஊற்றி எல்இடி பேனலை அடித்தோம். சுவர் வெளுத்ததே தவிர அலை ஆடவில்லை. விளக்கின் முன் நீலத் தாள் மாட்டினால் மீன்தொட்டி மாதிரி இருக்கிறது. ஸ்டில் இணைத்திருக்கிறேன். என்ன தப்பு?

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகர்

தம்பி,

பேனல்தான் தப்பு. அது அகலமான விளக்கு. அதன் ஒவ்வொரு மூலையும் சுவரில் தனித்தனியாக அலை போட, ஒன்றை ஒன்று அழித்துவிடும். சின்னப் பல்பு உள்ள ஸ்பாட் லைட்டை, முன்னால் எதையும் மாட்டாமல், தள்ளி வைத்து அடியுங்கள்.

அப்புறம், செங்குத்தாக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 2 பங்கைத்தான் தண்ணீர் திருப்பித் தரும். மீதி உள்ளே போய்விடும். அதனால் டிரேயின் அடியில் முகம் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பி, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் விடுங்கள். திரும்பி வரும் வெளிச்சத்தை அலையின் வளைவு பூதக்கண்ணாடி போலக் கோடு கோடாகக் குவிக்கும்.

நான் உதவி இயக்குநராக இருந்தபோது கொடைக்கானல் பங்களா ஒன்றில் இதையே செய்தோம். ஆளுக்கொரு கையால் தண்ணீரைக் கலக்கினோம். சுவரில் கொதிக்கிற உலை மாதிரி ஒன்று தெரிந்தது. வயதான லைட்மேன் அண்ணன் எங்களை விரட்டிவிட்டுத் தானே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டிரேயின் மூலையில் ஒரே ஒரு விரலை நனைத்து எடுப்பார். அலை எதிர் விளிம்பில் முட்டித் திரும்பும்வரை சும்மா இருப்பார். மறுபடி ஒரு விரல். டிசம்பர் மாதம். டேக் முடிந்ததும் வெளுத்துப்போன விரல்களை டீ கிளாஸில் சுற்றி வைத்துக்கொள்வார். அதுதான் ஏரி மாதிரி இருந்தது.

உங்கள் ஸ்டில்லில் இன்னொரு சங்கடம். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி நிற்கிறது. மஞ்சு மூடினால் வானம் முழுக்க ஒரே பேனல் லைட்தானே? நிஜ ஏரியே அப்போது சுவரில் ஆடாது. ஒன்று வெயில் வரட்டும், இல்லை அந்த ஷாட்டில் அலையை விட்டுவிடுங்கள். ஒருநாள் காலை வெயிலில், சூரியன் தாழ இருக்கும்போது, படகுத்துறைக் கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். அலை அங்கேதான் ஆடும். கீழிருந்து ஏறுகிற வெளிச்சம் அது, முதலில் மச்சில்தான் படும். நிறமும் வெயிலின் நிறம். நீலத் தாளைச் சுருட்டி வையுங்கள்.

சூடான ஹாலோஜன் பல்பில் துளி தெறித்தால் வெடித்துவிடும், அதனால் லைட்டை எட்டவே வையுங்கள். ஒயர் டிரே பக்கம் வரவே வேண்டாம். தண்ணீரில் விரல் விடுகிறவர் லைட் ஸ்டாண்டைத் தொடக் கூடாது, அதற்கு வேறு ஆள்.