ஓட்டத் தெரியும், சொல்ல வரவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. நாமக்கல்லில் 11 வருஷம் லாரி ஓட்டினேன். மனைவியின் வேலைக்காக நியூ ஜெர்சி வந்தோம். பஸ் ஓட்டலாம் என்று பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, எழுத்துத் தேர்வுகள் தேறி, பாசஞ்சர் எண்டார்ஸ்மென்ட்டோடு (பயணிகளை ஏற்றும் அனுமதி) கிளாஸ் பி பெர்மிட் (பெரிய வண்டிக்கான பழகுநர் உரிமம்) வாங்கிவிட்டேன். ஓட்டுத் தேர்வன்று வண்டியை எடுக்கும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸைச் சுற்றிவந்து ஒவ்வொரு பாகமாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமாம். பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓட்டத் தெரிந்தவனுக்கு இந்தப் பாராயணம் எதற்கு? எப்படி மனப்பாடம் செய்வது?
– எடிசன் வாசகர்

பதில்: தம்பி, பாராயணம் என்று நினைத்ததால்தான் பாதியில் நின்றுபோனது. நாமக்கல்லில் லோடு ஏற்றிக் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்திருப்பீர்கள் இல்லையா? கிளீனர் பையன் கம்பியால் டயரைத் தட்டுவான், சத்தத்தை வைத்தே காற்று இருக்கா இல்லையா என்று சொல்வான். நீங்கள் குனிந்து ஸ்ப்ரிங் பட்டையைப் பார்ப்பீர்கள், நட்டைத் தொட்டுப் பார்ப்பீர்கள். அதே வேலைதான் இது. அங்கே கண்ணும் கையும் செய்ததை இங்கே வாயும் சேர்ந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கும் தேர்வாளருக்கு உங்கள் மனதில் ஓடுவது தெரியாது. சொன்னால்தான் அவர் மதிப்பெண் போட முடியும்.

ஆங்கிலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுத் தேர்வில் மொழிபெயர்ப்பாளர் கிடையாது, முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் உங்கள் உச்சரிப்புக்கு அங்கே மார்க் இல்லை. பாகத்தைத் தொட வேண்டும் அல்லது கைகாட்ட வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், அதில் என்ன பார்க்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றாவதுக்கு நான்கைந்து வாக்கியங்களே போதும். இரும்பில் செய்த எதுவானாலும் 'மவுண்டட் அண்ட் செக்யூர், நாட் க்ராக்டு, பென்ட் ஆர் ப்ரோக்கன்' (இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது, விரிசலோ வளைவோ உடைசலோ இல்லை). ரப்பர் ஹோஸ், டயர் என்றால் 'நோ அப்ரேஷன்ஸ், பல்ஜஸ் ஆர் கட்ஸ்' (உரசல் தேய்மானமோ வீக்கமோ வெட்டோ இல்லை). எண்ணெயோ தண்ணீரோ காற்றோ போகும் இடமென்றால் கூடவே 'நாட் லீக்கிங்.' விளக்கு என்றால் எரிகிறது, சுத்தமாக இருக்கிறது, சரியான நிறம். இவ்வளவும் பழகிவிட்டால் பாகங்களின் பெயர்தான் பாக்கி. அதில் பாதி நீங்கள் பட்டறையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. ஸ்லாக் அட்ஜஸ்டர், புஷ் ராட், பிரேக் சேம்பர், யூ போல்ட் எல்லாம் நாமக்கல்லிலும் அதே பெயர்தான்.

பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். பட்டியலில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வராது. கால் போகும் பாதையாகப் பழகினால் கை அடுத்த பாகத்துக்குத் தானே போகும். முன்புறம், ஸ்டியரிங் பக்கத்துச் சக்கரம், பக்கவாட்டு, பின்சக்கரம், பின்புறம், மறுபக்கம், கடைசியில் உள்ளே. தினமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே திசையில் சுற்றுங்கள். பள்ளி பஸ் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கையில் கிடைக்கும் என்றால் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் பஸ். மேஜைக்கால்கள் சக்கரம், ஒரு நாற்காலி ஓட்டுநர் இருக்கை. வீட்டில் யாராவது உங்கள் மாநிலத்தின் சி.டி.எல். (வணிக வண்டி ஓட்டுநர் உரிமம்) கையேட்டைப் பிடித்துக்கொண்டு தேர்வாளராக நிற்கட்டும். நீங்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே சுற்றுங்கள். மனதுக்குள் சொல்வது ஒன்றுக்கும் உதவாது. நாக்குக்குத்தான் பயிற்சி வேண்டும்.

இப்போது ஏர் பிரேக், அதாவது காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக். பலர் விழுவது இங்கேதான். இதில் ஒரு படி தவறினால் பல மாநிலங்களில் அன்றைய தேர்வு அதோடு சரி. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, காற்று முழுதாக ஏறியபின் எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை மறுபடி ஆன் செய்து பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். பிரேக் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால், உங்கள் பஸ் போன்ற ஒற்றை வண்டியில் காற்றழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்தத்தின் அலகு) மேல் இறங்கக்கூடாது. பிறகு பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வரவேண்டிய அளவு 55, 60 என்று கையேட்டுக்குக் கையேடு மாறும். உங்கள் மாநிலக் கையேட்டில் எந்த எண் அச்சாகியிருக்கிறதோ அதையே சொல்லுங்கள். இன்னும் மிதித்துக்கொண்டே போனால் 20க்கும் 45க்கும் நடுவில் பார்க்கிங் பிரேக் குமிழ் 'டப்' என்று வெளியே வரவேண்டும். மூன்று படி, மூன்று எண். ஒவ்வொரு எண்ணும் ஏன் என்று புரிந்துகொண்டால் மறக்காது. முதலாவது கசிவைக் காட்டுகிறது. இரண்டாவது, நிறுத்துவதற்குக் காற்று மிச்சம் இருக்கும்போதே உங்களை உஷார்ப்படுத்துகிறது. மூன்றாவது, காற்றே போனாலும் ஸ்ப்ரிங் தானாகச் சக்கரத்தைப் பிடிக்கும் என்று காட்டுகிறது.

டயரில் ஊர்ப் பழக்கம் உங்களை ஏமாற்றலாம். அங்கே ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது) சாதாரணம். இங்கே பஸ்ஸின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் கூடவே கூடாது. முன்டயரின் தடத்தின் ஆழம் குறைந்தது 4/32 அங்குலம், மற்றவற்றில் 2/32. இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

லாரிக்காரர்கள் அதிகம் தவறவிடுவது வண்டியின் உட்புறம். இருக்கைகள் தரையோடு இறுகியிருக்கின்றனவா, நடைபாதையில் தடுக்க ஏதாவது கிடக்கிறதா, கைப்பிடி ஆடுகிறதா, படிக்கட்டு விளக்கு எரிகிறதா, அவசர வழிகள் திறந்து மூடுகின்றனவா, அவற்றின் பஸ்ஸர் அடிக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநருக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு இருக்கும். நின்று வருபவர்கள் அதற்கு முன்னால் வரக்கூடாது. ஒவ்வொன்றையும் தொடும்போது 'இது கெட்டிருந்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் மனதில் நின்றது அப்படித்தான்.

17 வருஷம் நகரப் பஸ் ஓட்டியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், சிக்னலில் கொஞ்சம் சட்டென்று பிரேக் போட்டேன். வண்டியில் அது ஒன்றுமில்லாத பிரேக். பின்னால் ஒரு பாட்டி, பையைச் சரிசெய்யக் கம்பியை விட்டிருந்தார். கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது. லாரியில் லோடைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பீர்கள். இங்கே லோடு நின்றுகொண்டு, ஃபோனில் பேசிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். தேர்வாளர் கவனிப்பதும் இதைத்தான்.

சாலைத் தேர்வில் உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வே கிராசிங்கில் மட்டும் கவனம் வேண்டும். தண்டவாளத்துக்கு 15 அடிக்குக் குறையாமல், 50 அடிக்கு மிகாமல் நிறுத்தி, இருபுறமும் பார்த்து, காதுகொடுத்துக் கேட்டு, தேவையானால் முன்கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். கடக்கும்போது கியர் மாற்றக்கூடாது. சிக்னல் விளக்கோ ஆளோ இல்லாத தூக்குப் பாலம் வந்தால் குறைந்தது 50 அடி முன்னால் நிறுத்துங்கள். இன்னொன்று, கதவைத் திறந்தால் தானாகப் பிடிக்கும் இன்டர்லாக்கை நம்பிப் பார்க்கிங் பிரேக் போடாமல் இறங்குவது பெரிய தப்பு. அதுவும் தேர்வில் கவனிக்கப்படும்.

எந்த வண்டியில் தேர்வு கொடுக்கிறீர்கள் என்பதையும் பள்ளியிடம் கேளுங்கள். ஏர் பிரேக் இல்லாத பஸ்ஸில் தேறினால் ஏர் பிரேக் வண்டி ஓட்டக்கூடாது என்ற தடை லைசென்ஸில் விழும். ஆட்டோமேட்டிக் கியரில் தேறினால் மேனுவல் ஓட்ட முடியாது. நகரப் பஸ்களில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் என்பதால் இரண்டாவது உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. முதலாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். அதோடு, சுற்றிவரும்போது நினைவுத் தாள் கையில் வைத்துக்கொள்ள உங்கள் மாநிலம் விடுகிறதா என்றும் விசாரியுங்கள். சில இடங்களில் விடுகிறார்கள்.

பெர்மிட் வாங்கி 14 நாள் கழிந்துவிட்டதால் மறுதேர்வுக்குத் தேதி கேட்கலாம். ஆனால் அவசரப்பட்டு அடுத்த வாரமே வாங்காதீர்கள். மேஜையைச் சுற்றித் தடங்கலில்லாமல் மூன்று நாள் தொடர்ந்து சொல்ல முடிந்தபின் வாங்குங்கள். முந்தின நாள் தேர்வு வண்டியையே ஒரு தடவை தொட்டுச் சுற்றிவர அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் பேட்டரியும் காற்று டேங்கும் வேறு வேறு மூலையில் இருக்கும். ஒட்டாமல் சொல்ல வந்ததும் எனக்கு எழுதுங்கள்.