மூன்று மணி வரை செபமாலை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 43, மலேசியாவில் பட்டர்வொர்த். எங்கள் பங்குக் கோவிலில் ஒருவர் ஞாயிறுதோறும் பூசையில் வாசகம் வாசிக்கிறார். அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கோ மூன்று மாதச் சம்பளம் பாக்கி. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழா பவனியில் மெழுகுவர்த்தியோடு முன்னால் நடப்பதும் அவர்தான். ஃபாதருக்குத் தெரியும், ஒன்றும் கேட்பதில்லை. அந்த மனிதர் வாசித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அன்றைக்கு மனசுக்குள் ஏதாவது அசிங்கமான வார்த்தை வந்துவிடும், ராத்திரி செபமாலையை முதலிலிருந்து தொடங்கித் தொடங்கி மூன்று மணி ஆகிவிடுகிறது. “இது பாவமா?” என்று கேட்டுக் கேட்டு வீட்டுக்காரரும் சலித்துவிட்டார். ஏழு மாதமாகப் பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கவில்லை. அது கிடக்கட்டும். உள்ளே சுத்தமில்லாதவரை எப்படி வாசிக்க விடலாம்?

அன்புச் சகோதரி,

சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் இலாகா இருக்கிறது. அந்தப் பெண் சம்மதித்தால் புகார் கொடுக்கத் துணைக்குப் போங்கள். “கிடக்கட்டும்” என்று நீங்கள் தள்ளியதை நான் தள்ளமாட்டேன்.

சாவான பாவத்துக்கு, அதாவது ஆன்மாவையே சாகடிக்கும் பெரிய பாவத்துக்கு, கனமான விஷயம், முழு அறிவு, மனச்சம்மதம் மூன்றும் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. கூப்பிடாமல் வந்த வார்த்தையில் சம்மதம் எங்கே? மத்தேயு நற்செய்தி 23இல், வெளியே மட்டும் கழுவிய கிண்ணத்தின் உள்ளே இருக்கிற அழுக்கு என்று இயேசு சொன்னது கொள்ளையையும் தன்னலத்தையும். ஒருத்தியின் கூலியைப் பிடித்து வைத்திருப்பது அந்த அழுக்கு. உங்கள் கிண்ணத்தில் ஒரு ஈ உட்கார்ந்து பறந்தது, அவ்வளவுதான்.

ஒன்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். உங்கள் கோபத்தில் பாதிதான் நியாயம். அவர் கழுவாமலே நிம்மதியாக நன்மை வாங்குகிறார், விடிய விடியக் கழுவியும் உங்களால் முடியவில்லை என்ற ஆற்றாமை மீதிப் பாதி. நீங்கள் பரிசுத்தம் என்று நினைப்பது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு முகமாக இருக்கலாம். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், பிற்பாடு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் பழைய பாவங்களையே திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, சொல்லித் தவித்தார். இனிப் பழையதைச் சொல்வதில்லை என்று நிறுத்திய பிறகுதான் விடுதலை.

இனி செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் ஒரே முறை உருட்டுங்கள். நடுவில் வார்த்தை வந்தால் வரட்டும், விரல் அடுத்த மணிக்குப் போகட்டும். பதற்றம் ஏறும், சும்மா விட்டால் தானாக இறங்கும். திரும்பத் தொடங்கினால், தொடங்கியதால்தான் தப்பித்தோம் என்று மூளை பழகிக்கொள்ளும். மறுநாள் சந்தேகம் இன்னும் பலமாக வரும். வீட்டுக்காரர் “பாவமில்லை” என்று சொல்வதும் அப்படித்தான், பத்து நிமிட நிம்மதி. இனி பதில் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் கேட்டால் மனநல மருத்துவருக்குக் கடிதம் தருவார்கள், இந்த மாதமே போங்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு இனி ஒரே ஃபாதர். நன்மை வாங்கலாமா என்று அவரிடம் ஒரே முறை கேளுங்கள். சரி என்றால், மனசு என்ன சொன்னாலும் ஞாயிறு வரிசையில் நில்லுங்கள்.