எழுதாமல் இருப்பவர்களைப் பின்தொடர்தல்

வணக்கம்.

தையல், பேனா மை, பாசி, பழைய வரைபடங்கள், இலக்கணம் என்று கலந்துகட்டி ஏறத்தாழ 180 தனிநபர் வலைப்பூக்களை ஒரு ரீடரில் (பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் செயலியில்) சேர்த்து, பொருள்வாரியாக 11 ஃபோல்டர்களில் அடுக்கி வைத்திருக்கிறேன். இப்போது 2,300 பதிவுகள் படிக்காமல் நிற்கின்றன. திறக்கவே பயமாக இருக்கிறது. போன வாரம் ஆறு மாதமாக எதுவும் எழுதாத 70 பேரை நீக்கிவிட்டேன். ஆனாலும் பாரம் குறையவில்லை. எந்த ரீடர் நல்லது? மின்னஞ்சல் சந்தா மேலா? புதியவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

70 பேரை நீக்கியும் பாரம் குறையவில்லை என்கிறீர்கள். எப்படிக் குறையும்? அவர்கள்தான் எதுவுமே எழுதவில்லையே! அந்த 2,300-இல் அவர்கள் பங்கு அநேகமாக ஒன்றுமில்லை. கூச்சல் போடுகிறவர்களை உட்கார வைத்துவிட்டு, மூலையில் சும்மா இருந்தவர்களை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் சோர்வு புரிகிறது. படிக்காத பதிவுகளின் எண்ணிக்கை கடன் பாக்கி போலக் கண்ணை உறுத்தும். ஆனால் அது கடன் அல்ல. யாரும் உங்களிடம் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

எந்த ரீடர் என்ற கேள்விக்கு அதிக நேரம் வேண்டாம். ஃபீட்லி, இனோரீடர், நெட்நியூஸ்வயர், சொந்த சர்வர் இருந்தால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், எதுவானாலும் சரி. ஒன்றை மட்டும் பாருங்கள்: நீங்கள் பின்தொடரும் தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக, அதாவது மற்ற ரீடர்களும் படிக்கக்கூடிய கோப்பாக, வெளியே எடுக்க வழி இருக்கிறதா? 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டபோது அந்தக் கோப்பை எடுத்து வைத்திருந்தவர்கள் வேறு ரீடரில் ஏற்றிவிட்டுத் தொடர்ந்து படித்தார்கள். நீக்கும் முன் நீங்கள் அதை எடுத்தீர்களா? எடுத்திருந்தால் இன்றே அந்த 70 பேரையும் திரும்ப ஏற்றிவிடுங்கள்.

ஏன் என்கிறேன், கேளுங்கள். எழுதாமல் இருப்பவரைப் பட்டியலில் வைத்திருப்பதற்கு ஒரு செலவும் இல்லை. ரீடர் அவ்வப்போது அவர் தளத்தின் கதவைத் தட்டி, "போன முறைக்குப் பிறகு ஏதாவது மாறியதா?" என்று கேட்கும். ஒழுங்காக அமைந்த சர்வர் 304 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். மாற்றமில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் நடக்கிறது. உங்கள் கண்ணுக்கு ஒரு வரி கூட வராது.

உங்கள் ஆர்வங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மை வெயிலில் எவ்வளவு வெளிறுகிறது என்று ஒழுங்காகச் சோதிக்க வேண்டுமானால், அட்டையில் கோடு போட்டு, பாதியை மறைத்து, மீதியை வெளிச்சம் விழும் ஜன்னலில் மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டும். அதைச் செய்கிறவர் அத்தனை மாதமும் மௌனமாகத்தான் இருப்பார். நீங்கள் ஆறு மாதக் கெடு வைத்தீர்கள். அட்டையை ஜன்னலிலிருந்து எடுக்கும் வாரத்தில் அவரை நீக்கியிருக்கக்கூடும். தினம் எழுத முடிகிறவர் பெரும்பாலும் பிறர் சொன்னதைச் சொல்கிறார். தானே செய்து பார்த்து எழுதுகிறவருக்கு நாள் பிடிக்கும்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. நாளுக்கு எட்டுப் பதிவு போடும் ஒரே தளம் மாதத்துக்கு 240. மூன்று மாதத்துக்கு ஒன்று எழுதும் நூறு பேரைச் சேர்த்தாலும் மாதத்துக்கு 33 தாண்டாது. அந்த ஒருவர், இந்த நூறு பேரையும்போல் ஏழு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறார். நீங்களோ பொருள்வாரியாக ஃபோல்டர் போட்டு இருவரையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டீர்கள்.

பொருளை மறந்துவிட்டு, எழுதும் வேகத்தை வைத்துப் பிரியுங்கள். மாதத்துக்கு இரண்டு வரை எழுதுகிறவர்கள் 'அபூர்வம்' என்ற ஃபோல்டருக்குப் போகட்டும். அதைத் தினமும் திறங்கள். பல நாள் காலியாகத்தான் இருக்கும், பாதகமில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு எழுதுகிறவர்கள் இன்னொன்றில். தினம் கொட்டுகிறவர்கள் 'வெள்ளம்' என்ற மூன்றாவதில். அந்த மூன்றாவதைத் தோன்றும்போது திறந்து, தலைப்புகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு முந்தையவற்றைப் 'படித்தாயிற்று' என்று ஒரே அழுத்தில் தள்ளிவிடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். பல ரீடர்களில் ஒவ்வொரு தளமும் வாரத்துக்கு எத்தனை பதிவு போடுகிறது என்ற கணக்கே இருக்கும். பிரிக்க ஒரு மணி நேரம் போதும்.

வெள்ளத்தில் இருப்பவர் ஒருவர் பத்து விஷயம் எழுதி, உங்களுக்கு ஒன்று மட்டும் வேண்டுமானால் முழு ஓடையை (ரீடர் படிப்பதற்காகத் தளம் தரும் பதிவுப் பட்டியலை) ஏன் இழுக்கிறீர்கள்? வேர்ட்பிரஸ் தளங்களில் ஒரு பகுப்பின் பக்க முகவரிக்குப் பின் சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் அந்தப் பகுப்புக்கு மட்டும் ஓடை கிடைக்கும். பிளாகரிலும் குறிச்சொல்வாரியாக ஓடை உண்டு.

இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. அந்த 70 பேரும் உண்மையிலேயே எழுதாமல் இருந்தார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பேசாத ஆளும் அறுந்த ஓடையும் ரீடரில் ஒரே மாதிரிதான் தெரியும். ஒருவரையாவது தளத்துக்கே போய்ப் பார்த்தீர்களா?

பார்க்க வேண்டிய முறை இது. முதலில் அவருடைய முகப்புப் பக்கத்தைத் திறந்து கடைசிப் பதிவின் தேதியை ரீடரில் உள்ள தேதியோடு ஒப்பிடுங்கள். தளத்தில் புதிது இருந்தால் ஓடையில்தான் கோளாறு. கன்ட்ரோல் விசையோடு 'யூ'வை அழுத்தினால் பக்கத்தின் மூலநிரல் விரியும். அதில் ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் (ஓடையின் இரண்டு வடிவங்கள்) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். மேற்பகுதியில், 'லிங்க்' என்று தொடங்கும் வரியில் இன்றைய ஓடை முகவரி இருக்கும். அதை ரீடரில் புதிதாகச் சேருங்கள். சேர்த்ததும் பத்து அல்லது இருபத்தைந்து பதிவுகள் திடீரென்று படிக்காதவையாக வந்து நிற்கலாம். வேர்ட்பிரஸ் ஓடை வழக்கமாகக் கடைசிப் பத்தையும், பிளாகர் ஓடை இருபத்தைந்தையும் தரும். மிரள வேண்டாம்.

அந்த ஓடை முகவரியை உலாவியில் திறந்தால் பிழைச் செய்தி வருகிறதா? வேர்ட்பிரஸில் அடிக்கடி நடப்பது: ஏதோ ஒரு செருகுநிரலோ வார்ப்புருவோ ஓடைக் கோப்பின் தலையில் ஒரு வெற்று வரியை நுழைத்துவிடும். அந்தக் கோப்பைத் தொடங்கும் எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரிக்கு முன்னால் எதுவும், ஒரு இடைவெளி கூட, இருக்கக் கூடாது என்பது விதி. ஒரு வெற்று வரியால் மொத்த ஓடையும் செத்துப்போகும். தளம் மட்டும் அழகாகத் தெரியும். எழுதுகிறவருக்கோ இது தெரியவே தெரியாது, ஏனென்றால் தன் ஓடையைத் தானே படிக்கிறவர் யார்? இரண்டு வரி எழுதிப் போடுங்கள். உலாவியில் சரியாகத் திறந்து ரீடரில் மட்டும் வரவில்லை என்றால், தளத்தின் பாதுகாப்பு அரண் உங்கள் ரீடரை ரோபோ என்று நினைத்துத் தடுத்துக்கொண்டிருக்கலாம். அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இவற்றிலெல்லாம் மோசமானது, பிழையே காட்டாத கோளாறு. அவர் வேறு முகவரிக்கு இடம் மாறியிருப்பார். பழைய தளம் அப்படியே நிற்கும், பழைய ஓடையும் கச்சிதமாகப் பதில் சொல்லும், ஆனால் புதிதாக எதுவும் வராது. கடைசிப் பதிவில் 'இனி இங்கே எழுதுகிறேன்' என்று புதிய முகவரியைக் கொடுத்திருப்பார். அந்தப் பதிவு உங்கள் குவியலுக்குள் எங்கோ படிக்காமல் கிடந்திருக்கும், நீங்கள் அதோடு சேர்த்து அவரையும் நீக்கியிருப்பீர்கள்.

மின்னஞ்சல் சந்தா வேண்டாம். வேலைக் கடிதங்களுக்கு நடுவே வலைப்பூவைப் படிக்க முடியாது. கூகுளின் ஓடைச் சேவையான ஃபீட்பர்னர் தன் மின்னஞ்சல் சேவையை 2021-இல் நிறுத்தியபோது, அதை மட்டும் நம்பியிருந்த வாசகர்கள் பாடு என்ன ஆனது என்று யோசியுங்கள்.

புதியவர்களைக் கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டீர்கள், மறந்தே போனேன். ஏற்கெனவே பிடித்தவர் யாரைச் சுட்டுகிறார் என்று பாருங்கள். பக்கப்பட்டையில் 'நான் வாசிப்பவை' என்ற பட்டியல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் 2012 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 3.5 முதல் புதிய தளங்களில் அந்த வசதியை மறைத்துவிட்டார்கள். அதனால் பட்டியல்கள் அருகிவிட்டன, பதிவுக்குள் இருக்கும் சுட்டிகளைத்தான் நம்ப வேண்டும். தேடுபொறியில் பொருளின் பெயரைப் போடாதீர்கள், கடைக்காரர்கள்தான் வருவார்கள். கோளாறைப் போடுங்கள். 'தையல் மெஷின்' என்று தேடாமல் 'துணிக்கு அடியில் நூல் சுருண்டு சிக்குகிறது' என்று தேடுங்கள். அடியில் தெரியும் அந்தச் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மேல் நூல்தான்: அழுத்துபாதத்தைத் தூக்காமல் நூல் கோத்ததால், அது நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தட்டுகளுக்கு இடையே போய் உட்காரவில்லை. இதைச் சொல்கிறவர் மெஷினோடு மல்லுக்கட்டிய ஆள். அவர் ஓடையைச் சேருங்கள்.

ஓபிஎம்எல் எடுத்து வைக்கவில்லை என்றால் உலாவியின் வரலாற்றில் தேடுங்கள். அது அழிவதற்குள் தேடுங்கள். பாசி பற்றி எழுதியவர்களிலிருந்து தொடங்குங்கள். மற்றதற்கெல்லாம் வேறு ஆள் கிடைப்பார்கள்.